தூரத்துப் பச்சையும் தூரின் பச்சையும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை நாவலாக்கி 1964இல் வெளியிட்ட கோகிலம் சுப்பையா, அந்த நூலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்றே பெயர் வைத்தார். கிட்டப் போனால் அந்தக் குளிர்ச்சி இருக்காது என்பது பழமொழியின் உட்கிடை. நிலக்காட்சி ஓவியம் குறித்து நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கும் இதற்குள்ளேதான் இருக்கிறது. ஒரு நிலத்தை வரைகிறவருக்கு அதனோடு எத்தகைய உறவு வேண்டும்? தள்ளி நிற்பவருக்கு மட்டுமே நிலம் காட்சியாகுமா? அதில் குனிந்து வேலை செய்பவருக்கு அது வெறும் பாடுதானா? ஓவியத்தில் நாம் உணர்வு என்று சொல்வது வரைபவரின் நெஞ்சிலிருந்து வருகிறதா, வரையப்படும் மண்ணிலிருந்து வருகிறதா? இந்தக் கேள்விகளை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மலையகம் என்றதும் பலர் மனத்தில் எழுவது நுவரெலியாவின் பனிமூட்டமும் சீவிவிட்டாற்போன்ற தேயிலைச் சரிவும்தான். சப்ரகமுவவின் இரத்தினபுரியும் கேகாலையும் அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. இங்கே தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கின்றன. வெக்கையும் அட்டைக் கடியும் அடைமழையும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் இடையில் சிங்களக் கிராமங்கள், வயல்கள், மாணிக்கக் குழிகள். அழகிய நிலம் என்று முன்கூட்டியே முத்திரை குத்தப்படாத இடம் என்பதால், நிலத்துக்கும் ஓவியருக்கும் உள்ள உறவைச் சோதிக்க இதுவே தக்க உரைகல்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. ஓவியர் தம் மனநிலையை நிலத்தின்மேல் ஏற்றுகிறார், அவர் துயருற்றால் மலையும் துயருறும் என்பது முதல் விடை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கிய இந்த எண்ணத்தை ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜோன் ரஸ்கின் 1856இல் கேள்விக்குள்ளாக்கினார். இயற்கைக்கு நம் உணர்ச்சியைக் கடன் கொடுத்துவிட்டு, அது இயற்கையினுடையது என்று நம்புவது ஒருவகைப் பிழை என்பது அவர் வாதம். உணர்வே வேண்டாம், கண் கண்டதை ஒளியும் நிறமும் பிசகாமல் பதித்தால் போதும் என்பது இரண்டாவது விடை. இரண்டும் போதா என்பது என் கருத்து. முதலாவது நிலத்தை வெறுந்திரையாக்குகிறது. இரண்டாவது ஓவியரை வெறுங்கண்ணாக்குகிறது. ஒரு நிலத்தோடு நீண்டகாலம் பழகியதால், அதிலும் குறிப்பாக அதில் உழைத்ததாலோ உழைப்பவரைக் கூர்ந்து கவனித்ததாலோ சேர்ந்த அறிவுதான் நிலக்காட்சி ஓவியத்தின் உணர்வு. எதை வரைவது, எதை விடுவது, கோட்டை எங்கே அழுத்துவது என்ற தேர்வுகளாக அந்த அறிவு மாறுவதே ஆக்கம். மீதிப் பக்கங்கள் இதை நிறுவ முயல்கின்றன.

தமிழ் மரபில் இதற்கு வலுவான அடிப்படை உண்டு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் அகப்பாடலின் உலகத்தை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். உணர்ச்சி நேரே சொல்லப்படாமல் கருப்பொருளின் வழியே வெளிப்பட வேண்டும் என்பதே உள்ளுறை, இறைச்சி என்னும் குறிப்பு உத்திகளுக்கு அடிப்படை. இங்கே கருத வேண்டியது, கருப்பொருள் வரிசையில் மரத்தோடும் பறவையோடும் தொழிலும் நிற்கிறது என்பது. செய்தி என்று சூத்திரம் சொல்வதற்குத் தொழில் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். தினைப்புனம் காப்பதும் தேன் அழிப்பதும் இல்லாமல் மலைநிலமான குறிஞ்சி இல்லை. உழைக்கும் மனிதர் நிலத்துக்குள் தற்செயலாக வந்து நிற்கும் உருவங்கள் அல்லர், நிலம் எதனால் ஆனதோ அதில் ஒரு பகுதி அவர்கள். ஐரோப்பிய நிலக்காட்சி மரபு இதை ஏற்க நெடுங்காலம் தடுமாறியது. வேல்ஸ் எழுத்தாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட நூலில், உழைக்கும் நாட்டுப்புறம் காட்சியாக அமைவது அரிது, காட்சி என்ற கருத்துக்கே பார்ப்பவர் விலகி நிற்பது தேவைப்படுகிறது என்ற பொருளில் வாதிட்டார். நிலத்தையும் உணர்வையும் இணைக்கும் இந்தத் திணை மரபில் வளர்ந்தவருக்கு இந்தப் பிளவு இயல்பானதாகத் தோன்றாது.

திணை என்பது பாட்டுக்கு வகுத்த இலக்கணம், அதைப் படத்துக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்கலாம். பாட்டு காலத்தில் விரிவது, படம் ஒரு கணத்தில் நிற்பது என்ற வேறுபாடு உண்மையே. ஆனால் இங்கே எடுத்துக்கொள்வது யாப்பையோ துறையையோ அன்று, உணர்ச்சி பொருள்களின் வழியே நிலத்தில் தங்கும் என்ற கொள்கையை. அது படத்துக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் ஓவியரிடம் இருப்பவை பொருள்களும் அவற்றின் இடமும் பொழுதின் ஒளியும் மட்டுமே. இன்னொரு தடையும் எழலாம். சப்ரகமுவத் தோட்டத்தின் கருப்பொருள் எதுவும் பழந்திணைகளில் இல்லையே? தேயிலை சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தது. இறப்பர் அமேசன் காட்டு மரம். உழைப்பவர்களின் முன்னோர் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கடல் கடந்தவர்கள். தொல்காப்பியமோ ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்தில் வந்தாலும் வந்த நிலத்தின் பயனே கொள்ளப்படும் என்று இடமளிக்கிறது. பெயர்த்து நடப்பட்டவற்றாலேயே ஆன ஒரு திணை என்று தோட்டத்தைக் கருதலாம். அதன் உரிப்பொருள் எது என்று கேட்டால், இருத்தல் என்றே சொல்லத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக இருந்தும், குடியிருக்கும் அடிநிலம் தமக்குரியது என்று ஆகாத இருத்தல்.

இந்தத் தீவை ஓவியமாக்கியவர்களின் வரலாறு இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும். நமக்குக் கிடைக்கும் தொடக்ககால நிலக்காட்சிகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவர்கள் வரைந்தவை. சாமுவேல் டேனியல் இலங்கையின் இயற்கைக் காட்சிகளும் விலங்குகளும் மக்களும் அடங்கிய 12 படங்களை 1808இல் வெளியிட்டார், 1811இல் இங்கேயே இறந்தார். பெல்பாஸ்ட் நகரத்தவரான அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமியில், அதாவது இன்றைய ரோயல் கல்லூரியில், நிலக்காட்சி ஓவியம் கற்பிக்க வந்தார். 1848இல் காடுகளின் ஊடே ஐந்து வாரம் சுற்றி வரைந்தார். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. மரியன் நோர்த் 1876இன் இறுதியில் வந்து மரங்களையும் மலர்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இவர்களின் கையில் திறமை இல்லை என்றோ நெஞ்சில் வியப்பு இல்லை என்றோ சொல்ல முடியாது. புதிதாகப் பார்ப்பவரின் கண், பழகியவர் தாண்டிப் போய்விடும் இலையின் மினுக்கத்தைப் பிடித்துவிடும். அதற்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வியப்பு உறவின் முதற்படி மட்டுமே. நிக்கல் காடுகளில் அலைந்த அதே ஆண்டில் மாத்தளையில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தார்கள், வழியிலேயே பலர் மாண்டார்கள். எழிற்காட்சி ஒருவருக்கு, அதே மரங்களின் அடியில் மரணம் இன்னொருவருக்கு.

இந்த விலகலை இன்னும் தெளிவாகக் காட்டும் ஓர் இணைவு உண்டு. மரியன் நோர்த்தின் 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் 1882இல் திறக்கப்பட்ட கூடத்தில் இன்றும் தொங்குகின்றன. அவர் இலங்கைக்கு வந்த அதே 1876இல்தான், பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளைக் கியூவில் முளைக்கவைத்து ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேர்விட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, களுத்துறை, இரத்தினபுரிச் சரிவுகள் இறப்பர்க் காடாக மாற அதுவே வித்து. இலங்கையின் இயற்கை படமாகப் போய்ச் சேர்ந்த இடமும், இலங்கையின் இயற்கையை அடியோடு மாற்றிய கன்று புறப்பட்ட இடமும் ஒன்றே. படத்தில் பதிந்த காடு, படம் உலர்ந்து சில பத்தாண்டுகளில் வேறொன்றாகிவிட்டது. அந்த மாற்றத்தைத் தம் கையால் நிறைவேற்றியவர்கள் படத்துக்குள் வந்தபோது, பெரும்பாலும் அஞ்சலட்டைகளிலும் தேயிலை விளம்பரங்களிலும் வந்தார்கள். கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணாக, பச்சைப் பின்னணிக்கு ஒரு நிறப்புள்ளியாக. ஆங்கில நிலக்காட்சி மரபின் ஏழைகளைப் பற்றி 1980இல் விரிவாக எழுதிய ஜோன் பரல், உழைப்பவர் படத்தில் எவ்வாறு சிறுத்து, தொலைவுக்குத் தள்ளப்பட்டு, உறுத்தாத உருவங்களாக ஆக்கப்பட்டனர் என்று காட்டினார். தோட்டத்து அஞ்சலட்டை அதே மரபின் பேரப்பிள்ளை.

தோட்டத்தின் அமைப்பே யாருக்குக் காட்சி, யாருக்கு இல்லை என்று வகுத்திருக்கிறது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா மேட்டில், நாற்புறமும் பார்வை விரியும் இடத்தில். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் பள்ளத்தில், கானோரத்தில், முதுகோடு முதுகு ஒட்டி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையான காம்பராவின் வாசலில் நின்றால் எதிரே தெரிவது பெரும்பாலும் இன்னொரு லயன். நிலக்காட்சிக்கு வேண்டிய தூரமும் உயரமும் கட்டிடம் கட்டும்போதே பங்கிடப்பட்டுவிட்டன. ஆகவே மேட்டிலிருந்து விரியும் அகலக் காட்சிதான் நிலக்காட்சி என்று கொண்டால், தோட்டத்தில் பிறந்தவர் ஓவியராவதற்கு முதலில் பங்களாவின் கண்ணைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். வேறு கண் ஒன்று இருக்கிறது என்பதைக் காண, வேலையின் உள்ளே போக வேண்டும்.

இறப்பர் மலையை எடுத்துக்கொள்வோம். பால் வெட்டு விடியலில் தொடங்குகிறது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால். மரத்தைப் பாதி சுற்றி, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியும் வெட்டு, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் இறங்குகிறது. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழ்ந்து மரத்தைத் தொட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறி, அடுத்த முறை அங்கே வெட்ட முடியாமற் போகும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்தக் கோட்டை இழுக்கும் கைக்கு, கோடு என்பதன் அழுத்தமும் சாய்வும் ஓவியப் பள்ளி கற்பிக்காத விதத்தில் தெரியும். சனவரி, பெப்ரவரியில் இலை கொட்டி மலை முழுக்க வெளிச்சம் புகுவதும், புது இலை முதலில் செம்பு நிறத்தில் துளிர்த்துப் பிறகு பச்சையாவதும், காய் வெடித்து விதை சிதறும் ஓசையும் அவருக்கு நாட்காட்டி. மழையின் பொருளும் இங்கே வேறு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. வெளியூர் ஓவியருக்கு அது சாம்பல் நிறங்களின் அழகு. பால் வெட்டுபவருக்கு, நனைந்த பட்டையில் வெட்ட முடியாத, கைக்காசு வராத நாள். பக்கத்துத் தேயிலை மலையில் அதே மழை கொழுந்தைத் தள்ளும். ஒரே மேகம், ஒரே சரிவு, இரு வேறு உணர்வு. மழையைத் துயரம் என்றோ இன்பம் என்றோ பொதுவாகத் தீட்டும் ஓவியம் இந்த இடத்தைத் தவறவிடுகிறது. எந்த மலையில் எந்த வேலைக்கு எந்த நேரத்தில் பெய்த மழை என்று அறிந்து தீட்டினால், சாம்பல் நிறத்தின் கனமே மாறும்.

தேயிலையும் அப்படித்தான். தொலைவிலிருந்து ஒரே பச்சையாகத் தெரிவது, தூரின் அருகே பல பச்சை. கிள்ள வேண்டிய இளங்கொழுந்து, வளர்ச்சி நின்றதால் கழிக்க வேண்டிய வங்கித் தளிர், முற்றிய இலையின் கரும்பச்சை, நிழலில் ஈரம் பிடித்த பாசி. கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலை பழுப்புக் குச்சிகளாக நிற்கும்போது காட்சி தேடி வருபவர் அதைக் கடந்து போய்விடுவார். அறிந்தவருக்கோ மறுதளிர் வரும்வரையுள்ள காத்திருப்பு அந்தக் குச்சிகளில் தெரிகிறது. சப்ரகமுவத் தேயிலை பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே வளர்வது. உயர்மலையின் மெல்லிய பனி ஒளி இங்கே இல்லை. ஈரக் காற்றில் நிறங்கள் அடர்ந்து, தூரத்து மலை திடீரென்று அருகில் வந்தாற்போலத் தெளியும். இவ்வொளியை நுவரெலியாப் படங்களைப் பார்த்துக் கற்ற வண்ணத் தட்டால் தீட்ட முடியாது. இந்த நுணுக்கங்களைத் தகவல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உணர்வு தங்கும் இடங்களே இவை, திணை மரபின் சொல்லில் கருப்பொருள்கள்.

ஆக்கச் செயலைப் பற்றி நமக்குத் தெரிந்த சான்றுகள் இதையே வலியுறுத்துகின்றன. நிலக்காட்சிக்கு உணர்வே உயிர் என்று கருதிய ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் ஆலைக்காரரின் மகன். இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை செய்தவர். ஆலையை ஓட்டுபவருக்கு வானம் அழகுப்பொருள் மட்டும் அன்று, காற்று எப்போது மாறும் என்று சொல்லும் கருவியும்கூட. 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட்டில் அவர் மேகங்களை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்து, பல படங்களின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். உணர்ச்சிவசப்பட்டவரின் குறிப்பாக இது தெரியவில்லை, பதிவேடு வைப்பவரின் குறிப்பாகவே தெரிகிறது. ஆனால் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பார்ப்பவர் நெஞ்சை அசைக்கும் வானங்கள் வந்தன. 1821இல் காட்சிக்கு வைத்த அவருடைய பேர்பெற்ற வைக்கோல் வண்டி ஓவியம் சபோக் ஆற்றங்கரையைக் காட்டுகிறது, தீட்டப்பட்டதோ லண்டனில், பழைய கோட்டுப்படங்களையும் நினைவையும் கொண்டு. சீன மரபும் இதை வேறு சொற்களில் சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் மூங்கில் வரைவதில் பேர்பெற்ற வென் தொங், தூரிகையை எடுப்பதற்கு முன்பே முழு மூங்கிலும் தம் நெஞ்சில் வளர்ந்து நிற்கக் கண்டவர் என்று அவருடைய நண்பர் சூ ஷி எழுதினார். பிரெஞ்சு ஓவியர் செசான் தம் ஊருக்கு அருகிலுள்ள செயின்ட் விக்டோயர் மலையை முப்பதுக்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களில் தீட்டினார். மூவரிடமும் ஒரே ஒழுங்கு தெரிகிறது: நீண்ட பழக்கம், அதில் சேரும் நுண்ணறிவு, சற்று விலகி நிற்கும் இடைவெளி, பிறகு தேர்வு. திடீர்க் கிளர்ச்சி என்று நாம் போற்றுவது, இந்த நீண்ட சேமிப்பு ஒரு கணத்தில் உடைந்து பாய்வதுதான்.

இடைவெளி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, விலகி நிற்பவரே மேலானவர் என்ற பழைய வாதம் திரும்பி வரும். இதற்கு இலங்கையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1943இல் கொழும்பில் உருவான '43 குழுவின் ஓவியர் ஐவன் பீரிஸ், தெஹிவளைக் கடற்கரைச் சூழலில் 1921இல் பிறந்தவர். 1953 முதல் இங்கிலாந்தில் வாழ்ந்து, சவுத்எண்ட் நகரில் 1988இல் மறைந்தார். அங்கிருந்துகொண்டு அவர் மீண்டும் மீண்டும் தீட்டியது இலங்கையின் கரையும் மரங்களும் அசைவற்று நிற்கும் மனிதர்களும். பல்லாயிரம் கிலோமீற்றர்த் தூரம் அவர் படங்களைப் பொய்யாக்கவில்லை, ஆழப்படுத்தியது. ஆனால் இந்தத் தூரம் நிக்கலின் தூரத்திலிருந்து அடிப்படையில் வேறானது. அறியும் முன் நிற்கும் தூரம் ஒன்று, அறிந்தபின் பிரியும் தூரம் மற்றொன்று. முன்னது தூரத்துப் பச்சை. பின்னது, தூரை அறிந்தவர் தூரம் போய் நினைக்கும் பச்சை. சப்ரகமுவத் தோட்ட மக்களுக்கு இந்த இரண்டாவது தூரம் வரலாறு வலிந்து தந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எண்ணிக்கை வகுத்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்முறையும் 1983இன் இனக்கலவரக் கொடுமையும் பலரை வடக்குக்கும் கடலுக்கு அப்பாலும் துரத்தின. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு நட்ட தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தவர்களின் நினைவில், இறக்குவானையும் காவத்தையும் பலாங்கொடையும் எட்டியாந்தோட்டையும் தெரணியகலையும் நிலக்காட்சிகளாகவே இருந்தன. நினைவில் இருந்து வரையும் கலைக்கு இதைவிடச் செறிந்த ஊற்று வேறெங்கே கிடைக்கும்?

உழைப்பவருக்கு ஓய்வில்லை, ஓய்வில்லாதவருக்கு அழகு புலப்படாது என்பது அடுத்த தடை. பசியும் களைப்பும் கலைக்கு எதிரிகள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஓய்வின்மை வரையும் வாய்ப்பைப் பறிக்குமே தவிர, காணும் ஆற்றலைப் பறிப்பதில்லை. தோட்ட மக்கள் ஒவ்வொரு மலைத்துண்டுக்கும் பெயரிட்டிருக்கிறார்கள். மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் முனியாண்டியையும் மாடசாமியையும் நிறுத்தி, நிலத்தின் அச்சமூட்டும் மூலைகளைத் தெய்வத்தின் இடமாக்கியிருக்கிறார்கள். காமன் கூத்தில் லயன் வாசலையே அரங்காக மாற்றினார்கள். லயனுக்கு முன்னே கிடைத்த முழ நிலத்தில் செவ்வந்தி வளர்த்தார்கள். உயர்மலைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதியபோது, நிலத்தையும் அதில் புதைந்த உழைப்பாளரையும் பிரிக்க முடியாதபடி இணைத்தார். கண் இருந்தது, சொல் இருந்தது. இல்லாமற் போனவை தாளும் வண்ணமும் ஆசிரியரும் நேரமும்தான். அவை சிறிதளவு கிடைத்தவுடன் விளைந்தது என்ன என்பதற்கு இன்றைய மலையக ஓவியர்கள் சான்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையுமே தம் ஊடகமாக்கினார். காட்சியைத் தீட்டும் வண்ணமே அந்த நிலத்தின் விளைபொருளாக இருக்கும்போது, நிலமும் உழைப்பும் ஓவியமும் ஒரே கறையில் கலந்துவிடுகின்றன.

அப்படியானால் தோட்ட நிலத்தைத் துயரமாக மட்டும்தான் வரைய வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது நேர்மையான கேள்வி. அழகை மட்டும் காட்டும் படம் பொய் சொல்கிறது என்றால், துயரத்தை மட்டும் காட்டும் படமும் பாதி உண்மையில் நின்றுவிடுகிறது. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயனும் மண்ணுக்குள் போனது. கண்ணுக்கு இனிய சரிவும் உயிர் கொல்லும் சரிவும் ஒரே கோணத்தில்தான் இருக்கின்றன. அந்தச் சரிவை வரைபவர் அழகையோ அச்சத்தையோ தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. கோட்டின் சாய்வைச் சரியாக இட்டு, லயனின் கூரை எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சரியாக இட்டால், இரண்டு உணர்வும் ஒருங்கே எழும். குறிஞ்சியில் களவின்பமும் இருளின் அச்சமும் ஒரே மலைவழியில் நிற்பதைப் போன்றது இது. சிவனொளிபாதமலையும் அப்படியே. 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் அது, டிசம்பர் முதல் மே வரை விளக்கு வரிசையோடு யாத்திரிகரை அழைக்கும் புனிதச் சிகரம். இரத்தினபுரிப் பக்கத்தில் வாழ்பவருக்கோ களு கங்கை பிறக்கும் இடமும் அதுவே, வெள்ளம் இறங்கி வரும் திசையும் அதுவே. செசான் ஒரு மலையைப் பல்லாண்டு வரைந்ததுபோல, இந்த மலையைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஆண்டு முழுதும் வரைந்தால், பக்தியும் நன்றியும் கலக்கமும் ஒரே உருவத்தில் அடங்குவதைக் காணலாம்.

கடைசியாக ஒரு தடை. பார்ப்பவருக்கு இந்த அறிவெல்லாம் இல்லாதபோது, ஓவியரிடம் மட்டும் இருந்து என்ன பயன்? பால் வெட்டின் சாய்வை அறியாத ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றால் அவருக்கு என்ன கிடைக்கும்? கொன்ஸ்டபிளின் வானத்தை ரசிப்பவர்களில் காற்றாலை ஓட்டியவர் எத்தனை பேர்? இருந்தும் அந்த வானம் பொய்யில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது. அறிந்து இட்ட கோட்டில் ஒரு தீர்மானம் இருக்கும். அறியாமல் இட்ட கோடு அழகாக இருந்தாலும் எங்கும் பொருந்தும், ஆகவே எங்கும் உரியதாகாது. பார்ப்பவர் காரணத்தை அறியாமலே இந்த வேறுபாட்டை உணர்கிறார். அறிவு படத்தில் விளக்கமாக வருவதில்லை, உறுதியாக வருகிறது. அந்த உறுதியையே நாம் உணர்வு என்று பெயரிட்டு அழைக்கிறோம். பதிலுக்கு அந்தப் படமும் பார்ப்பவருக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. தேயிலைக் கோப்பையை ஏந்தும் கைக்கும் கொழுந்து கிள்ளிய கைக்கும் இடையிலுள்ள தூரத்தை அது குறைக்கிறது.

இவ்வளவும் உண்மையானால், செய்ய வேண்டியவை சில உண்டு. இந்திய ஓவியர் நந்தலால் போஸ் வங்காளத்தின் சாந்திநிகேதனில் மாணவரைச் சுவருக்குள் அடைத்து வைக்காமல், சுற்றியிருந்த செம்மண் நிலத்தையும் சாந்தால் ஊர்களையும் பருவந்தோறும் பார்த்துப் பழகி வரையச் செய்தார். இந்தியாவின் நவீன நிலக்காட்சி ஓவியத்துக்கு அந்தப் பழக்கம் ஓர் ஊற்றாயிற்று. சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளிலும் சித்திரப் பாடம் வகுப்பறையை விட்டு வெளியே வரலாம். அச்சுப் படத்தில் உள்ள பனிமலையையும் ஓடையையும் பார்த்துப் பிரதி செய்யும் பிள்ளையிடம், உன் அம்மா வேலை செய்யும் மலையை வரை, கவ்வாத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை வரை என்று ஆசிரியர் சொல்லலாம். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயனையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அதுபோல் ஒன்று இரத்தினபுரியிலோ கேகாலையிலோ எழுந்து, அந்தப் பிள்ளைகளின் படங்களுக்கும் பெரியவர்களின் நினைவுப் படங்களுக்கும் சுவர் தர வேண்டும். மலையகத் தமிழர் இந்தத் தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டுகள் ஒரு நிலத்தைத் தம் கையால் உருவாக்கியவர்களே அதை வரையவும் உரியவர்கள். அவர்கள் கையில் தூரிகை சேரட்டும்.